சோப்பு அங்கிளும் சிவப்பு ரெகுலேட்டரும்

உலகத்தில் ஒழுகாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் சோப்பு அங்கிள்தான். கூரை ஒழுகும், குழாய் ஒழுகும், டயர் ஒழுகும், கேஸ் மட்டும் என்ன ஒசத்தியா என்பது அவர் கட்சி. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் இன்றுவரை ஒரு வீடும் தீப்பிடிக்கவில்லை என்றால் அதற்கு முழுக் காரணமும் தான்தான் என்று அவர் சொல்லிக்கொள்வார். தீயணைப்புப் படையினர் இதற்கு என்ன சொல்வார்கள் என்று நான் விசாரித்ததில்லை.

மற்ற ஆண்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் வைத்திருந்தது ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டில். உள்ளே பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும். எங்கே கேஸ் தொங் நின்றாலும், அது யார் வீட்டு சிலிண்டராக இருந்தாலும், அதன் கழுத்தில் சர் சர் என்று இரண்டு அடி. பிறகு குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். நுரை முட்டை விட்டால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். முட்டை விடவில்லை என்றாலும் நிம்மதியாகப் போகமாட்டார். "இன்னைக்கு இல்ல, நாளைக்கு வரும்" என்று சபித்துவிட்டுத்தான் நிமிர்வார்.

தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் முறுக்குத் தட்டைத் தாண்டி நேரே சமையலறைக்குள் போய்விடுவார். ஒருமுறை செந்தூலில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்திலும் இதே கதை. மண்டபத்துக்குப் பின்னால் சமையல்காரர் வரிசையாக ஆறு தொங் வைத்திருந்தார். அங்கிள் முதல் தொங்கிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

"யாருய்யா நீ?" என்று கரண்டியோடு ஓடிவந்தார் சமையல்காரர்.

"பொண்ணு வீடு."

"பொண்ணு வீட்டுக்காரனுக்கு அடுப்படியிலே என்னா வேலை?"

"பொண்ணு நல்லா இருக்கணும்ல?"

அடிதடியில் முடிந்திருக்க வேண்டியது. மூன்றாவது தொங் முட்டை விட்டது. சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். அன்றைக்கு பந்தியில் எங்கள் யாருக்கும் வராத முந்திரி அல்வா அங்கிள் இலைக்கு மட்டும் இரண்டு முறை வந்தது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்குமேல் வேலை பார்த்தவர் அவர். கையுறைக்குள் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, எந்த விரலில் சொட்டுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஓய்வு பெற்றபோது மகள் பினாங்கில் இருந்தார், மனைவி சுவரில் படமாக இருந்தார், ஓட்டை பார்க்கக் கையுறை இல்லை. சும்மா இருந்தால் நம் விரல்களையே தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிடுவாரோ என்று நாங்கள் பயந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கிரில் வந்தது.

கோலாலம்பூர் கொண்டோ அடுக்குமாடிகளில் இருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது கேஸ் கிரில்லைக் குப்பை அறைப் பக்கம் விட்டுவிட்டுப் போவார்கள். மூடி போட்டு, சக்கரம் வைத்து, உள்ளே நான்கு பர்னர் எரியும் பெரிய சாமான். வாட்ச்மேன் போன் செய்வார், அங்கிள் ஒரு லோரியைப் பிடித்துக்கொண்டு போய் ஏற்றிவருவார். பழுது பார்த்துப் புதுசுபோல் ஆக்கி விற்பார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் மூன்று கிரில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

வந்த புதிதில் அந்தக் கிரில்களின் வாசனையை நான் எழுதினால் பத்திரிகை தாங்காது. அடித் தட்டில் எந்தக் காலத்திலோ சுட்ட பன்றியும் மாடும் கோழியும் கொழுப்பாக உறைந்து, சமத்துவமாகக் கிடக்கும். நான் சுவரருகே நின்று கத்துவேன்.

"அங்கிள், வெள்ளிக்கிழமை விளக்கேத்தற வீடு இது!"

"ஒரு மணி நேரம்மா. சோடா உப்புலே ஊறிக்கிட்டிருக்கு."

அந்த ஒரு மணி நேரம் இரண்டு நாள் ஓடும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த மனிதர் வேலை செய்வதைப் பார்க்க ஆரம்பித்தால் அடுப்பில் நம் குழம்பு தீய்ந்துவிடும். கம்பித் தட்டைத் தேய்த்து வெள்ளியாக்குவார். பர்னர் குழாயில் இருக்கும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் துணி தைக்கும் ஊசியால் குத்தி அடைப்பெடுப்பார். குழாயின் வாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும், அது கேஸை மறித்துப் பின்பக்கமாகத் தீ பிடிக்க வைக்குமாம். சிலந்தியைக் கொல்லமாட்டார், காகிதத்தில் ஏந்தி என் வேலிச் செடியில் விட்டுவிடுவார். என் செடியில்தான்.

கடைசியில் ரோட்டிப் பரீட்சை. கடை ரோட்டி பன்னிரண்டு துண்டைக் கம்பிமேல் வரிசையாக அடுக்கி, மூடியைச் சாத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திறந்ததும் எந்தத் துண்டு கருகியது, எது வெளுத்தது என்று டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்ப்பார். "மூணாவது பர்னர் சோம்பேறி" என்று மறுபடி பிரிப்பார். பன்னிரண்டு துண்டும் சமமாகச் சிவக்கும்வரை விடமாட்டார். தோற்றுப்போன ரோட்டியெல்லாம் சுவர் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். ஒரு வாரம் முழுக்க என் வீட்டுக்காரருக்குக் காலையில் அதுதான் பசியாறல். மனுஷன் அலுவலகத்துக்குச் சீக்கிரம் கிளம்ப ஆரம்பித்தார்.

இவ்வளவு பாடுபட்ட கிரில்லைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுவாரா? வாங்க வருகிறவருக்கு நேர்முகத் தேர்வு உண்டு. எங்கே வைப்பீர்கள், அந்த இடத்தை போட்டோ எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் துணி காயுமா? வீட்டில் யார் அவசரக்காரர், யார் நிதானம்? ஷா ஆலமிலிருந்து வந்த ஒருவர் பொறுமை இழந்து, "பாஸ், நான் அடுப்பு வாங்க வந்தேனா, பொண்ணு கேட்டு வந்தேனா?" என்றார். "பொண்ணுன்னா இவ்வளவு கேக்க மாட்டேன், அது தன்னைத் தானே பாத்துக்கும்" என்று சொல்லி அவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார் அங்கிள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அப்படி எழுத முடியவில்லை.

செமினியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அக்கா குழந்தைக்கு முதல் பிறந்தநாள், தாய்மாமன் சீராக இவர் கிரில் வாங்கித் தருகிறாராம். தங்கத்தில் அரைஞாண் போட்ட காலம் போய் இப்போது கோழி சுடும் அடுப்பு சீராக வருகிறது, நல்லதுதான். அங்கிள் போனில் தேர்வு வைத்தார். "வீட்ல யாரு அவசரம்?" என்று கேட்டதும் அந்தப் பக்கம் மொத்தக் குடும்பமும் "மாமன்தான்!" என்று கத்தியது எனக்கே சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. "அப்ப போனை அம்மாகிட்ட குடுங்க" என்றார் அங்கிள். மாமனின் அம்மாவுக்கு அரை மணி நேரம் சோப்புத் தண்ணீர் வகுப்பு நடந்தது. எண்ணைத் தன் போனில் 'செமினி அவசர மாமன்' என்று பதிந்துகொண்டார்.

சனிக்கிழமை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. லோரி கிடைக்காமல் ஞாயிறு காலைக்குத் தள்ளிப்போனது. அங்கிளுக்கோ ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் கல்யாணம். காலையில் வேட்டி கட்டிக்கொண்டு சுவரருகே வந்தார். அவருடைய வெளிமேஜையில் இரண்டு ரெகுலேட்டர் இருந்தன. தொங்கின் தலையில் மாட்டுவது. ஒன்று கருப்பு, ஒன்று சிவப்பு.

"ஏம்மா, கருப்பு கிரில்லுக்கு. சிவப்பு வடை அக்காவுக்கு. வாஷர் மாத்தி வெச்சிருக்கேன், மத்தியானம் வந்து வாங்கிக்குவாங்க. கருப்பு கிரில்லுக்கு, சிவப்பு..."

"அங்கிள், இன்சூரன்ஸ் கம்பெனியிலே இருபது வருஷமா குப்பை கொட்டுறேன். ரெண்டு சாமானை எடுத்துக் குடுக்கத் தெரியாதா?"

வடை அக்கா என்பவர் கிள்ளான் ஸ்டேசன் பக்கம் வடைக் கடை போட்டிருப்பவர். ஞாயிறு மாலையில் அவர் கடையில் நிற்க இடம் இருக்காது.

பத்து மணிக்கு லோரி வந்தது. மாமனும் அவர் அம்மாவும் இறங்கினார்கள். இறங்கியவுடனே அந்த அம்மா கிரில் மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டார். மாமன் கிரில்லை லோரியில் ஏற்றிவிட்டு, ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். பின்னால் இரண்டு கார் நிற்கிறது. அடுப்பில் என் பால் வேறு. நான் கருப்பு ரெகுலேட்டரை எடுத்து நீட்டினேன்.

"ஐயோ, கருப்பா?" என்றார் அந்த அம்மா. "தாய்மாமன் செய்யுற சீர்மா. மொத பொறந்தநாளு. இதுலே போயி கருப்பு சாமான் குடுத்தா சம்பந்தி வீட்ல என்னா பேசுவாங்க? அந்தச் சிவப்பைக் குடுங்களேன்."

"அது வேற ஒருத்தருக்கு ஆன்டி. கருப்புன்னுதான் சொன்னாங்க."

"ரெண்டும் ரெகுலேட்டர்தானே? அவங்களுக்கு இதைக் குடுத்திடுங்க. அவங்க என்ன, சீரா செய்யப்போறாங்க?"

நியாயமாகத்தான் பட்டது. ஹாரன் மறுபடி அலறியது. எனக்குள் இருக்கிற மகராசி, சிவப்பை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். கருப்பை நாளிதழில் சுற்றி வைத்தேன். மத்தியானம் வந்த வடை அக்கா பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். பால் பொங்கி வழிந்திருந்தது, அதுதான் அன்றைக்கு என் பெரிய கவலை.

இரண்டரைக்கு அங்கிள் திரும்பிவந்து சுவரருகே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கல்யாணச் சமையலில் உப்புக் குறைவு, ஆனால் ஒரு தொங்கும் முட்டை விடவில்லை என்று வருத்தமாகச் சொன்னார். மூன்று மணியைத் தாண்டியபோது வடை அக்காவிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், புது ரெகுலேட்டரே குடுத்திட்டீங்க, உங்களுக்கு நல்ல மனசு. ஆனா நெருப்பு மெழுகுவத்தி மாதிரி எரியுது லா. எண்ணெய் சூடே ஏறல. வடை உள்ளே போயி நீந்துது."

"புதுசா? வாஷர்தானே மாத்தினேன்? சிவப்புதானே?"

"இல்ல அங்கிள், கருப்பு."

அங்கிள் காப்பிக் கோப்பையைச் சுவர்மேல் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப சிவப்பு எங்கே?"

"கிரில்லோட போச்சு," என்றேன். "ஏன் அங்கிள், நெறம்தானே வேற?"

"நெறமா? அது கடையிலே பெரிய அடுப்புக்கு மாட்டுறதும்மா. ஹை பிரஷர். கிரில்லுக்கு லோ பிரஷர்தான் தாங்கும். குடிக்கிற கிளாஸ்லே தீயணைக்கிற பொம்பா குழாயாலே தண்ணி அடிச்சா என்னா ஆகும்? பத்தவெச்ச உடனே தீ ஆள் உயரத்துக்கு நிக்கும். இல்லே, ஹோஸ் புடுங்கிக்கிட்டுப் போவும். சுத்தி பிள்ளைங்க நிப்பாங்க." குரல் இறங்கியது. "ஏம்மா, காலையிலே நான் உன்கிட்டே என்னா சொன்னேன்?"

அந்த நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாற்பத்தாறு வயசு, இரண்டு பிள்ளை பெற்றவள், ஊருக்கெல்லாம் வாய் நீளமாகப் பேசுகிறவள். பயத்தில் நாக்கு தானாகப் புரண்டது.

"சிவப்பு கிரில்லுக்குன்னுதான் அங்கிள் சொன்னீங்க."

"அப்படியா சொன்னேன்?" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, மறுக்கவில்லை. வேட்டியைக்கூட மாற்றாமல் என் காரில் ஏறி உட்கார்ந்தார்.

விருந்து ஐந்து மணிக்கு. முதலில் ஸ்டேசன் பக்கம் போனோம். வடை அக்கா கருப்பு ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டு ரோட்டுக்கே ஓடிவந்து ஜன்னல் வழியாகப் போட்டார். "என் கடை கெடக்குது, நீங்க போங்க, சீக்கிரம்!" என்றார். அங்கிருந்து நெடுஞ்சாலை. அங்கிள் மாமன் எண்ணை அழுத்திக்கொண்டே வந்தார். மணி அடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும், நின்றுவிடும். பிறந்தநாள் வீட்டில் பாட்டு அலறிக்கொண்டிருக்கும், போன் யார் காதில் விழும்? 'பத்தவைக்காதீங்க' என்று மெசேஜ் அனுப்பினார். யாரும் பார்க்கவில்லை. மறுபடி அனுப்பினார்.

காஜாங்குக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. கார்கள் எறும்புபோல் ஊர ஆரம்பித்தன. நான்கு மணி இருபது. மழை நல்லது, வெளியே யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று நான் சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள் மழை நின்றுவிட்டது.

அங்கிள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்க அப்பாவும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சாரு. மொதல்லே சின்னச் சின்ன விஷயம். சொன்னதை மாத்திச் சொல்லுவாரு. அப்பறம் கடைக்குப் போயிட்டு வீட்டுக்கு வழி தெரியல. கடைசியிலே என்னைப் பாத்து, தம்பி நீ யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டாரு."

"அங்கிள், அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"போன மாசம் மகளுக்குப் போன் பண்ணி ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொன்னேனாம். அவ சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. அப்பவே சந்தேகம். இப்ப தெரிஞ்சு போச்சு." கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாம இருந்தா போதும். நாளைக்கே எல்லாத்தையும் பழைய இரும்புக் கடைக்கு ஏத்திவிட்டுடுறேன். கேஸ் வேலையிலே மறதி இருக்கக் கூடாது."

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். முன்னால் இருந்த லோரி சட்டென்று பிரேக் போட்டது, நானும் போட்டேன், சொல்ல வந்தது உள்ளேயே போய்விட்டது. இப்படி ஒருமுறை இல்லை, மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறை முன்னால் லோரியும் இல்லை. எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் உண்மை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

செமினியில் அந்தத் தாமானுக்குள் நுழைந்தபோது ஐந்து மணியாகிவிட்டது. அங்கிளிடம் இருந்தது வீட்டின் பின்பக்கப் போட்டோவும், 'ஃபேஸ் டூ, மூலை வீடு' என்ற தகவலும்தான். முன்பக்கம் பார்த்தால் எல்லா வீடும் ஒரே மாதிரி. ஒரு மூலை வீட்டு வாசலில் பலூன் கட்டியிருந்தது. கார் நிற்பதற்குள் அங்கிள் இறங்கி ஓடினார். வேட்டி ஒரு கையில், ஸ்ப்ரே பாட்டில் மறு கையில்.

"ஜாங்கான் புக்கா கேஸ்! கேஸைத் திறக்காதீங்க!" என்று இரண்டு மொழியிலும் கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

அது ஒரு மலாய்க் குடும்பத்தின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை உட்பட அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். சமையலறையிலிருந்த ஒரு மக்சிக், வயசான மலாய் அம்மா, பயந்துபோய்த் தன் அடுப்பை அணைத்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பதற்குள் அங்கிள் அந்த வீட்டுத் தொங்கிலும் இரண்டு அடி அடித்து, குனிந்து பார்த்து, "இது ஓகே" என்றார். பழக்க தோஷம். ஒரு பெரியவர், பிறந்தநாள் வீடு என்றால் அடுத்த லோரோங் தெருவில், இந்தப் பக்கமே போங்கள் என்று கையைக் காட்டினார்.

அடுத்த லோரோங்கில் பாட்டுச் சத்தம் கேட்டது. நாங்கள் பின்பக்கச் சந்து வழியாக ஓடினோம். போட்டோவில் இருந்த தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் குங்குமப் பொட்டோடு கிரில். தொங்கில் சிவப்பு ரெகுலேட்டர். சுற்றி முப்பது நாற்பது பேர், தட்டை ஏந்திய பிள்ளைகள் முன்வரிசையில். பட்டுச் சட்டை போட்ட ஒரு வயசுக் குழந்தை யாரோ ஒருவர் இடுப்பில் கை தட்டிக்கொண்டிருந்தது. கிரில்லின் முன்னால் மாமன். அவர் கையில் நீள லைட்டர்.

ஆனால் மாமனுக்கும் கிரில்லுக்கும் நடுவே அவர் அம்மா நின்றார். ஒரு கையில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம், மறு கையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச்.

"அம்மா, நகருங்க லா! எல்லாரும் பசியோட நிக்கிறாங்க."

"நுரை முட்டை விடுதுடா. இங்க பாரு, எவ்ளோ பெருசா விடுது! முட்டை விட்டா பத்தவைக்கக் கூடாதுன்னு அந்த அங்கிள் சொல்லியிருக்காரு."

"அந்த ஆளுக்கு வேற வேலை இல்லம்மா!"

"அவசரக்காரன் கையிலே அடுப்பைக் குடுக்காதீங்கன்னும் அவருதான் சொன்னாரு."

ஹோஸ் மாட்டிய இடத்தில் நுரை திராட்சைக் கொத்துபோல் வீங்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அங்கிள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். சிவப்பு ரெகுலேட்டரை மூடினார், கழற்றினார், தொங்கை எட்டத் தள்ளிவைத்தார். பிள்ளைகளைப் பின்னால் போகச் சொன்னார். பிறகு பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மன்னிச்சிருங்க. இது இந்தக் கிரில்லுக்கான ரெகுலேட்டர் இல்ல. தப்பு என்னோடது. எனக்கு வயசாச்சு, மாத்திச் சொல்லி அனுப்பிட்டேன்."

மாமன் லைட்டரைக் கீழே போட்டார். "என்னா அங்கிள் இது, பிள்ளைங்க இருக்கிற வீடு!" என்று குரலை உயர்த்தினார். அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாண மண்டபத்துச் சமையல்காரரையே எதிர்த்து நின்ற மனிதர் தலை குனிந்து நின்றதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"இல்ல," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். "இல்ல. அங்கிள் சரியாத்தான் சொன்னாரு. கருப்பு கிரில்லுக்கு, சிவப்பு வடை அக்காவுக்கு. நான்தான் மாத்திக் குடுத்தேன். கேட்டப்போ பயந்துக்கிட்டு அவர்மேலே பழியைப் போட்டுட்டேன்."

"கருப்பு வேணாம்னு நான்தானே கேட்டேன்," என்றார் மாமனின் அம்மா, கிண்ணத்தைப் பிடித்தபடியே.

அங்கிள் என்னைப் பார்த்தார். அது என்ன பார்வை என்று எனக்குப் புரியவில்லை. பிறகு மடியிலிருந்து கருப்பு ரெகுலேட்டரை எடுத்து மாட்டினார். கிளிப்பை இறுக்கினார். சர் சர். குனிந்தார். நாங்கள் நாற்பது பேரும் சேர்ந்து குனிந்தோம். முட்டை இல்லை. மறுபடி ஒருமுறை, மூன்றாவதாக ஒருமுறை. "இப்ப வைங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னார். மாமனிடம் சொல்லவில்லை. அந்த அம்மாதான் கீழே கிடந்த லைட்டரை எடுத்துப் பற்றவைத்தார். நான்கு பர்னரும் நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார்கள். மசாலா தடவிய கோழி இறக்கை, ஆளுக்கு இரண்டு. எனக்கு இறங்கவில்லை. அங்கிள் பொறுமையாகச் சாப்பிட்டார். குழந்தையின் உச்சியில் கை வைத்தார். கிளம்பும்போது மாமனின் அம்மா சிவப்பு ரெகுலேட்டரைத் துணியில் சுற்றித் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

காரில் ஏறினோம். இனி வாழ்க்கையில் இந்த மனிதர் என்னோடு பேசப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். நியாயமும் அதுதான். காஜாங்கைத் தாண்டும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"அங்கிள், திட்டிடுங்க. நாலு அறை வேணும்னாலும் விடுங்க. இப்படி உக்காந்திருக்காதீங்க."

"ஏம்மா," என்றார் மெதுவாக. "காலையிலே நான் கருப்பு கிரில்லுக்குன்னுதான் சொன்னேனா?"

"ஆமா அங்கிள்."

"சிவப்பு வடை அக்காவுக்குன்னு?"

"அப்படியேதான் சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்க. நான்தான் முடிக்க விடல."

"நீ என் மனசு ஆறட்டும்னு சொல்லலையே?"

"சத்தியமா இல்ல."

அவர் இருக்கையில் சாய்ந்துகொண்டார். பார்த்தால், மனிதர் சிரிக்கிறார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, துடைக்கவும் இல்லை, சிரித்துக்கொண்டே இருக்கிறார். "அப்ப எனக்கு ஒண்ணும் ஆவல," என்றார். "அப்ப நான் சரியாத்தான் இருக்கேன்." நான் செய்த துரோகத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அதை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன்.

"எங்க, இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். பூச்சோங் பக்கம் வந்ததும் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். கருப்பு கிரில்லுக்கு, சிவப்பு வடை அக்காவுக்கு. கிள்ளான் வருவதற்குள் ஏழு முறை கேட்டார். எட்டாவது முறை, அவர் கேட்காமலேயே நான் சொன்னேன்.